ஆட்டம் முடிந்ததும் செருப்பைத் தேடாதீர்கள்: பச்சாட்டாவுக்குப் புதிதாய் வருபவர்களுக்கு

பச்சாட்டா ஜோடி சேர்ந்து ஆடுகிற ஆட்டம். வகுப்பாக இல்லாமல் எல்லோரும் கூடிச் சும்மா ஆடுகிற மாலைக்கு சோஷியல் என்று பெயர். நான் முதன்முதலாகப் போன சோஷியலில் மொத்தமே மூன்று பாட்டுக்குத்தான் ஆடினேன். மிச்ச நேரமெல்லாம் சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு நின்ற கையோடு மாடிப்படி இறங்கிவிட்டேன். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மூன்று பேர் கையைப் பிடித்து ஆடியிருக்கிறேன், ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை நல்ல மழை. கிளம்ப வழியில்லாமல் எதிர்க்கடையில் எல்லோரோடும் ஒதுங்கி டீ குடித்தேன். அதற்கடுத்த சோஷியலில் பதினோரு பாட்டுக்கு ஆடினேன். இடைப்பட்ட பதினைந்து நாளில் என் ஆட்டம் ஒன்றும் தேறிவிடவில்லை. டீக்கடையில் என் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் கை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

எட்டு எண்ணி, நாலிலும் எட்டிலும் இடுப்போடு ஒரு தட்டு தட்டுகிற பேசிக் ஸ்டெப்பை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆட்டத்துக்குப் பிறகு வருகிற அரைமணி நேரத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த அரைமணிக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மாதிரி ஊர்களில் ஆடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னையில் நாலு இடத்தில் ஆட்டம் நடக்கும், ஒரு இடத்தில் ஒட்டாவிட்டால் இன்னொரு இடம் போகலாம். நமக்கு இருப்பது ஒரே கூட்டம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது

திரும்பிப் போகிற வழியை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பலருக்குக் கூச்சம் காரணமில்லை, பஸ்தான் காரணம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் ராத்திரியில் பஸ் கிடைத்துவிடும். மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கத்துக்காரர்கள் வரும்போதே கண்டக்டரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

வீட்டில் சொல்லும்போது ஆட்டம் முடிகிற நேரத்தோடு முக்கால் மணி சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பதரைக்கு முடியும் என்று சொல்லிவிட்டு வந்தவருக்குப் பத்து மணிக்கு, கையில் டீ கிளாஸ் இருக்கும்போது, போன் அடிக்கும். அதற்குமேல் அவருக்குப் பேச்சில் மனசு நிற்காது.

பையில் மாற்றுச் சட்டை ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் இருக்கட்டும். ஆடும்போது மாற்றிக்கொள்ளத்தான் பலரும் கொண்டுவருவார்கள். நான் சொல்வது ஆட்டம் முடிந்தபிறகு போட்டுக்கொள்ள. நம் பக்கத்துப் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் ஆடிய பனியனோடு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மெல்ல எழுந்து போய்விடுவார்கள்.

கடைசிப் பாட்டு நின்றதும்

கூட ஆடியவரின் கையை அந்தரத்தில் விட்டுவிட்டு விலகாதீர்கள். அவர் நின்ற இடத்துக்கே கொண்டுபோய் விட்டு, “தேங்க்ஸ்ங்க, நான் இன்ன பேரு, இப்பதான் ரெண்டாவது மாசம்” என்று ஒரு வரி. புதிது என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. “அதான் பார்த்தேன்” என்று சிரித்துவிட்டு அவர்களே மேலே பேசுவார்கள்.

பச்சாட்டா கூட்டங்களில் ஆடி முடித்ததும் கட்டிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். நம் ஊரில் அதை எதிரில் இருப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கையைத் தட்டிக்கொள்வதோ தலையசைப்போ போதும்.

அடுத்து, கூச்சக்காரர்களுக்கு நான் தரும் ஒரே உத்தி: வேலை செய்யுங்கள். ஹாலைக் காலிசெய்து சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கும், ஆள் பற்றாது. நாற்காலிகளை அடுக்குங்கள். தரையைப் பெருக்குங்கள். எங்கள் ஹாலில் பெருக்க எப்போதும் ஏதாவது இருக்கும். மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு வருபவர்கள் நாலைந்து பேர். மூன்றாவது டர்னிலேயே பூ உதிர ஆரம்பிக்கும். டைல்ஸ் தரையில் மிதிபட்ட மல்லிகை எண்ணெய் மாதிரி வழுக்கும், இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தப் பழுப்பேறிய பூக்களை முறத்தில் அள்ளியபடிதான் எனக்கு முதல் நண்பர் கிடைத்தார். “தம்பி, ஈரத்துணி போட்டாத்தான் போகும்” என்றார். அதுதான் முதல் பேச்சு.

ஸ்பீக்கர் வயரை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். முழங்கையில் சுற்றி இறுக்கினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு சீக்கிரம் போய்விடும். “எப்படிச் சுத்தணும்?” என்று கேளுங்கள். ஒரு வளையம் இப்படி, ஒரு வளையம் அப்படி என்று காட்டிக்கொடுப்பார்கள். அதற்குள் அவர் பெயர், ஊர், வேலை எல்லாம் தெரிந்துவிடும்.

“டீ குடிக்கப் போலாமா?”

இந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டாலும் அங்கிருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். புதியவர்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள். நம் வீடுகளில் மூன்று தடவை கூப்பிட்டால்தான் அழைப்பு. முதல் தடவை “இருக்கட்டும்ங்க” என்பது மரியாதை, இரண்டாவது தடவை “வீட்ல வேலை இருக்கு”, மூன்றாவது தடவைதான் செருப்பைக் கழற்றி உள்ளே போவோம். ஆட்டக் கூட்டத்தில் ஒரே தடவைதான் கேட்பார்கள். “இருக்கட்டும்ங்க” என்றால் நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முதல் தடவையிலேயே “வர்றேன்” என்று சொல்லுங்கள்.

யாருமே கேட்கவில்லையா? வண்டி ஸ்டாண்டில் நின்றுகொண்டு, “எல்லாரும் எந்தக் கடைக்குப் போறீங்க? நானும் வரட்டா?” என்று நீங்களே கேளுங்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்தக் கடை என்பதில் ஒரு சிக்கல் வரும். சோஷியல் பெரும்பாலும் சனிக்கிழமை. சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் உண்டு. புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் கூட்டத்தில் பரோட்டாக் கடைப் பக்கம் பாதிப்பேர் திரும்ப மாட்டார்கள். இட்லியும் பொடி தோசையும் போடுகிற கடையாகப் பார்த்துப் போய்விட்டால் பிரச்சினை இல்லை. கடையைத் தேர்ந்தெடுப்பதில் முதல் இரண்டு மாதம் நீங்கள் கருத்துச் சொல்லாமல் இருப்பது உத்தமம். டீ, டிபன் முடிந்த பிறகு சில பேர் வேறு பக்கம் ஒதுங்கிக் குடிக்கப் போவதுண்டு. கூப்பிட்டால் “நான் டீயோட சரி” என்று சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டீக்கடையில் எப்படிப் பேசுவது

வட்டத்துக்கு வெளியே போன் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் கிளாஸோடு போய் நின்றால் தானாக இடம் விடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் தவறில்லை.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது பெரிய குழப்பம். எங்களோடு ஆடும் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி எல்லோருக்கும் ‘சார்’. அவருக்கு நாங்கள் எல்லோரும் ‘தம்பி’, ‘பாப்பா’. மற்றவர்களுக்குப் பெயர் சொல்லி, கூட ‘ங்க’ போட்டு, ‘நீங்க’ என்று பேசினால் யாருக்கும் உறுத்தாது. பத்து நிமிடம் முன்புதான் கூட ஆடிய பெண்ணை அவசரப்பட்டு ‘அக்கா’ ஆக்காதீர்கள், சிலருக்குப் பிடிக்காது. அவர்களாக உங்களை ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது பாசமாகவும் இருக்கலாம், கட்டிவிட்ட வேலியாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று ஆராய வேண்டாம்.

அடுத்தது ‘எந்த ஊரு’. நம் பக்கத்தில் எல்லாப் பேச்சும் அங்கேதான் தொடங்கும், அதில் தப்பில்லை. “பாபநாசமா? எங்க சித்தி வீடு அய்யம்பேட்டைதான்” என்று பேச்சு ஓடும். அதற்கு அடுத்த கேள்வியில்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும். “அங்க எந்தத் தெரு? யாரு வீடு?” அது எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஹாலில் யார் கையை யார் வேண்டுமானாலும் பிடித்து ஆடிவிட்டு, டீக்கடையில் வந்து தெருவை விசாரித்தால் நன்றாகவா இருக்கிறது? ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்யாணம், சம்பளம் இரண்டையும் அவர்களே எடுத்தால் ஒழிய எடுக்காதீர்கள்.

பிறகு எதைத்தான் பேசுவது? பாட்டைப் பேசுங்கள். “அந்தச் சரக் சரக்னு ஒரு சத்தம் வருதே, அது என்னங்க?” என்று கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். அது குவீரா. காய் துருவி மாதிரி சொரசொரப்பான உலோகக் குழாய், அதைக் கம்பிகளால் சுரண்டுவார்கள். கூடவே பொங்கோ என்ற ஜோடிக் கைமுரசு. அழுகிற மாதிரி மேல்சுரத்தில் போகும் கிடாரின் பெயர் ரெக்கிந்தோ. இந்த மூன்றும் காதில் பிரிந்து கேட்க ஆரம்பித்துவிட்டால் ஆட்டமும் கொஞ்சம் மாறும்.

கடைக்காரரும் கேட்பார், உறவினரும் கேட்பார்: “இது எந்த ஊரு ஆட்டம்?” எங்கள் அம்மா வெகுநாள் நான் பச்சடி செய்யக் கற்றுக்கொள்ளப் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். கையில் சின்னப் பதில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கரீபியன் கடலில் ஹெய்ட்டியோடு ஒரே தீவைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் டொமினிக்கன் குடியரசு இதன் பிறந்த வீடு. ‘பச்சாட்டா’ என்ற சொல்லே முதலில் பாட்டுக்குப் பெயராக இல்லை. கொல்லைப்புறத்தில் நாலு பேர் கூடிச் சாப்பிட்டு, குடித்து, பாடிக் கழிக்கிற கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கணக்கில் பார்த்தால், மாடியில் நாம் ஆடியதைவிட இந்த டீக்கடை பெஞ்சுதான் அந்தச் சொல்லுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

அங்கே ட்ருகியோ என்ற சர்வாதிகாரியின் ஆட்சி 1930 முதல் 1961 வரை நடந்தது. அவர் தூக்கிவைத்துக் கொண்டாடியது மெரெங்கே இசையை. அவர் கொல்லப்பட்ட மறு வருடம், 1962-இல், ஹோசே மனுவேல் கால்டெரோன் பாடிய பாட்டுகளைத்தான் முதல் பச்சாட்டாப் பதிவுகள் என்கிறார்கள். அதன் பிறகும் பல வருடங்கள் அது ஏழைபாழைகளின், சாராயக்கடைகளின் பாட்டு என்று மேட்டுக்குடியினர் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ‘கசப்பின் இசை’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. 1990-இல் ஹுவான் லூயிஸ் கெர்ராவின் ஆல்பம் வந்த பிறகுதான் கூடத்துக்குள் வந்தது. 2019-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. உடம்பை அலையாக வளைத்து ஆடும் சென்சுவல் பாணி ஸ்பெயினில் உருவான பின்னாள் சரக்கு. அதுவும் டொமினிக்கன் பாணியும் ஒன்றா என்று மட்டும் டீக்கடையில் கேட்டுவிடாதீர்கள், கடை மூடும்வரை சண்டை நடக்கும்.

“கட்டிப் புடிச்சு ஆடுறது நம்ம வழக்கமா?” என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. எங்கள் வங்கி சார்தான் நிதானமாகச் சொன்னார்: “ஐயா, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலுன்னு நாலு அண்ணன் தம்பி இதே தஞ்சாவூர்ல இருந்துதான் சதிருக்கு வரிசை கட்டிக் கொடுத்தாங்க. அந்தச் சதிரையும் ஒரு காலத்துல ஆகாதுன்னுதான் சொன்னாங்க. அப்புறம் பரதநாட்டியம்னு பேரு வச்சு எல்லார் வீட்டுப் புள்ளையும் ஆடுது.” பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அரைமணி நேரம் உட்கார்ந்து மேலட்டூர் பாகவத மேள நாட்டிய நாடகத்தில் ஆண்களே பெண் வேஷம் கட்டுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். வாதாட முடியாவிட்டால் சிரித்துக்கொண்டு டீயைக் குடியுங்கள், அதுவும் பதில்தான்.

நான் செய்து கெடுத்துக்கொண்டவை

ஒன்று, கேட்காமல் திருத்தியது. மூன்று மாதம் ஆடிய தெம்பில் ஒரு பெண்ணிடம் “டர்ன் பண்றப்ப உங்க தோள் மேல தூக்குதுங்க” என்று சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டே “சரிங்க” என்றார். ஐந்து வருடமாக ஆடுபவர், வேறு ஊரில் வகுப்பே எடுத்தவர் என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அடுத்த சோஷியலில் நான் கை நீட்டியபோது “கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கிறேன்” என்றார். அந்த ரெஸ்ட் நாலு மாதம் நீடித்தது. திருத்தம் சொல்வது மாஸ்டரின் வேலை, அதுவும் வகுப்பில்.

இரண்டு, வீடியோ. இதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. நான் ஆடியதைப் பதினைந்து நொடிக்கு இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி வைத்தேன். பின்னால் மூலையில் வேறொருவர் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய பெரியப்பா மகன் பார்த்துவிட்டான். அவர் வீட்டில் அப்போது ஜும்பா வகுப்பு என்று சொல்லியிருந்தாராம். இரண்டு மாதம் அவர் வரவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், பெரிய மனசு பண்ணினார். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்காமல் எதையும் போடாதீர்கள். மூலையில் மங்கலாகத் தெரிபவரிடமும் கேளுங்கள். முகத்தை டேக் செய்வது அதைவிட மோசம்.

வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தவுடன் எல்லோர் நம்பரும் உங்கள் போனுக்கு வந்துவிடும். அதை யாரும் உங்களிடம் கொடுத்ததாக அர்த்தமில்லை. பெண்களுக்குக் குழுவிலிருந்து நம்பர் எடுத்துத் தனியாக “ஹாய்” அனுப்புவதுதான் இந்தக் கூட்டங்களிலிருந்து ஆட்கள் ஓசையில்லாமல் கழற்றிவிடப்படுவதற்கு முதல் காரணம். நெருக்கமாக ஆடியது அந்தப் பாட்டோடு முடிந்தது. மறுபாட்டில் அவர் வேறொருவரோடு அதே நெருக்கத்தில் ஆடுவார், நீங்களும் ஆடுவீர்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் குழுவிலேயே எல்லோர் முன்னும் கேளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. நம் ஊர் சின்ன ஊர். பிரதோஷத்தன்று பெரிய கோயிலில் நந்திக்கு முன்னால் கூட்டத்தில் உங்களோடு ஆடியவர் மாமியாரோடு நிற்பார், நீங்கள் எதிரே வருவீர்கள். அவராகச் சிரிக்கும்வரை நீங்கள் சிரிக்க வேண்டாம். தெரியாதவர் மாதிரி அவர் தாண்டிப் போனால் நீங்களும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுங்கள். அடுத்த சனிக்கிழமை டீக்கடையில் “அன்னிக்கு அத்தை கூட இருந்தாங்க” என்று அவரே சொல்வார். ஆண்களுக்கும் இது பொருந்தும். வீட்டில் சொல்லாமல் வருகிற ஆண்கள் எங்களிடம் நிறைய.

காசு

தனித்தனியாகக் கொடுப்பதுதான் பொது வழக்கம் என்றாலும் பெரியவர் யாராவது “வையி தம்பி, நான் குடுக்குறேன்” என்று முந்திக்கொள்வார். முதல் தடவை ஒரே ஒரு முறை மறுத்துவிட்டு வாங்கிக் குடியுங்கள். கல்லாவுக்கு முன்னால் கையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட வேண்டாம். அடுத்த தடவை அவருக்கு முன்னால் நீங்கள் கொடுத்துவிடுங்கள். டிபனாக இருந்தால் ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குழுவில் கணக்குப் போடுவார். அன்று ராத்திரியே ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். நாற்பது ரூபாய்க்கு இரண்டு தடவை நினைவூட்டப்பட்டவர் என்ற பெயர் சீக்கிரம் போகாது.

கிளம்புவது

கடைசி ஆள்வரை நிற்கக் கட்டாயமில்லை. கூச்சமாக இருந்தால் ஒரு டீ முடியும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்தியவரிடமும் பேசிய இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். “போறேன்” என்று சொல்லாமல் “போயிட்டு வர்றேன்” என்று.

பெண்களிடம் “நான் டிராப் பண்றேன்” என்று வற்புறுத்தாதீர்கள். “எப்படிப் போறீங்க, வண்டி இருக்கா?” என்று ஒருமுறை கேட்டால் போதும். எங்களில் கும்பகோணம் பக்கம் பைக்கில் போகிறவர்கள் மூன்று வண்டியாகச் சேர்ந்தே போவார்கள். ராத்திரியில் அந்த ரோட்டில் தனியாகப் போவதைவிட அது மேல். அறுவடை சமயத்தில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். வீடு சேர்ந்ததும் எல்லோரும் குழுவில் ‘ரீச்டு’ என்று போடுவோம். புதிதாய் வந்தவரும் போட்டால் நடத்துகிறவர் நிம்மதியாகத் தூங்குவார்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. மறப்பதற்குமுன் பெயர்களைப் போனில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரோடு நினைவில் நிற்கிற மாதிரி ஒன்று. என் போனில் அந்த மழை நாளில் எழுதியது இன்னும் இருக்கிறது: “மன்னார்குடி, மெடிக்கல் ரெப், டர்ன் பிடிக்காது. நீல சுடிதார், ஸ்கூல் டீச்சர், சர்க்கரை இல்லாத டீ. துடைப்பம் அண்ணன், ஈரத்துணி.” அடுத்த சோஷியலுக்கு வரும்போது இதை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் ஏறினால் அய்யம்பேட்டை வருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.